கல்லை நம்பி நிற்கும் வண்டி

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்றை ஒட்டி, பலாப்பழமோ சிமென்ட் மூட்டையோ ஏற்றிய பழைய பிக்அப் ஒன்று ஓரங்கட்டினால் முதலில் கீழே குதிப்பவர் ஓட்டுநர் அல்ல, கிளீனர். குதிக்கும்போதே கையில் கருங்கல் இருக்கும். பின் சக்கரத்தடியில் அதைத் திணித்து, உள்ளங்கையால் பாடியை இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் ஓட்டுநர் பெடலில் இருந்து காலை எடுப்பார். இவ்வளவும் நடக்கும்போது ஹேண்ட் பிரேக் லீவர் தன் இடத்தில் சும்மா கிடக்கும். அதன் மேல் வியர்வை துடைக்கிற துண்டு காய்ந்துகொண்டிருக்கும்.

காரணம் கேட்டால் தயாராக ஒரு பதில் வரும்: "அது வேலை செஞ்சு வருஷக்கணக்காச்சு சார். கியர்ல போட்டா அசையாது."

பாதி உண்மைதான். என்ஜினை நிறுத்திவிட்டுக் கியரில் விட்டால், சக்கரம் உருள வேண்டுமென்றால் என்ஜினும் சுற்றியாக வேண்டும். சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் அதைத் தடுக்கிறது. புது டீசல் என்ஜினில் இந்தப் பிடி நன்றாகவே இருக்கும். ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, வால்வு வழியாகவும் காற்று கசியும் 20 வயது என்ஜினில் அந்த அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். இறங்கியதும் வண்டி சற்று நகரும். அடுத்த சிலிண்டரின் அழுத்தம் வந்து நிறுத்தும். அதுவும் கசிந்ததும் இன்னும் சற்று. டீ குடித்துவிட்டுத் திரும்பிய ஓட்டுநர், வண்டி விட்ட இடத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி நிற்பதைப் பார்த்துத் தலையைச் சொறிவது இதனால்தான். வழியில் போகிற யாராவது ஜன்னல் வழியே கைவிட்டுக் கியர் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் அந்தப் பிடியும் போச்சு. வண்டியில் தனியே விடப்பட்ட குழந்தைக்கும் அது முடியும்.

சரிவு என்றதும் மலைப்பாதையைத்தான் மனம் நினைக்கிறது. 20 அடி தூரத்துக்கு ஓர் அடி இறங்கும் தெருவைக் கண் கிட்டத்தட்ட சமதளமாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் சரக்கோடு சேர்த்து 1,500 கிலோ இருக்கிற சின்ன பிக்அப்பை அந்தத் தெரு சுமார் 75 கிலோ விசையோடு கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பாலத்தின் இறக்கம், வாய்க்கால் கரை ஏற்றம், அரிசி ஆலை வாசலில் கட்டிய சாய்தளம் எல்லாமே இதைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடியவை. ஐ.நா.வின் வாகன ஒழுங்குவிதிகளில் பிரேக்குக்கான 13ஆம் விதி, பார்க்கிங் பிரேக் மட்டும் தனியாக நின்று முழுச் சுமையோடு உள்ள வண்டியை 18 சதவீதச் சரிவில் பிடித்துவைக்க வேண்டும் என்கிறது. அதே 1,500 கிலோ வண்டிக்கு இது ஏறக்குறைய 265 கிலோ இழுவை. இந்த வேலைக்காக வடிவமைத்த ஒரு கருவியை அழுக்குத் துண்டு காயப்போட விட்டுவிட்டு, பிடிக்கும் பொறுப்பை சாலையோரக் கல்லிடம் ஒப்படைப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல, சோம்பல்.

அந்தக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. சரக்கை இறக்கியதும் வண்டி கிளம்பிவிடும், கல் அங்கேயே கிடக்கும். தெருவிளக்கு இல்லாத இடத்தில் இரவு எட்டு மணிக்கு அந்த வழியே வரும் இருசக்கர வாகனத்துக்காரருக்கு அது தெரியாது. தமிழ்நாட்டுச் சாலையில் பைக் ஓட்டுகிற எவரும் இப்படிப்பட்ட அநாதைக் கல் ஒன்றையாவது கடைசி நொடியில் தவிர்த்திருப்பார். இன்னொன்று இதைவிட மோசம். கல் வைக்கப் போகிற கிளீனர், நகரக்கூடிய வண்டிக்குப் பின்னால், சக்கரத்துக்கு நேராகக் குனிந்து நிற்கிறார். ஓட்டுநரின் கால் பெடலில் இருந்து வழுக்கினால் முதல் பலி அவர்தான். லீவர் வேலை செய்தால் அவர் அங்கே போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது.

இந்த அலட்சியம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஆட்டோமேட்டிக் கியர் பரவிய அமெரிக்காவில், லீவரை 'பார்க்' நிலையில் தள்ளிவிட்டு இறங்கிப் போவதே வழக்கமானது. ஃபோர்டு நிறுவனத்தின் பழைய கார்களிலும் பிக்அப்புகளிலும் அந்த நிலை சரியாகப் பொருந்தாமல், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினோடு வண்டி தானாகவே ரிவர்ஸுக்குப் போகிறது என்று புகார்கள் குவிந்தன. 1980இல் அரசோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சுமார் 2 கோடியே 30 லட்சம் வண்டிகளின் உரிமையாளர்களுக்கு நிறுவனம் எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்ப வேண்டும் என்பது தீர்வு. கியரை முழுமையாகப் 'பார்க்'கில் போடு, பார்க்கிங் பிரேக்கை முழுதாக இழு, என்ஜினை நிறுத்து என்பதே ஸ்டிக்கரின் சாரம். கோளாறைச் சரிசெய்யாமல் காகிதம் ஒட்டியது தனி அநியாயம். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த நடு வரியைக் கடைப்பிடித்தவர்களுக்கு ஆபத்து குறைந்திருக்கும்.

2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் 27 வயது நடிகர் ஆன்டன் யெல்சின் தன் வீட்டுச் சரிவில், தன் ஜீப் கிராண்ட் செரோக்கி பின்னோக்கி உருண்டு வந்து நசுக்கியதில் இறந்தார். எந்த நிலையில் இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெளிவாகக் காட்டாத அந்த மாடலின் கியர் லீவருக்காக, சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் இரண்டு மாதத்துக்கு முன்புதான் அறிவித்திருந்தது. லட்சக்கணக்கில் விலையுள்ள புது வண்டியிலேயே கியரை நம்புவது இவ்வளவுதான்.

இங்கே ஓர் எதிர்வாதம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அனுபவமுள்ள மெக்கானிக்குகளே சொல்வார்கள்: "பல வருஷமா தொடாததைத் தொடாதீங்க. இழுத்தா திரும்ப விடாது." இதில் நியாயம் உண்டு. ஹேண்ட் பிரேக் கேபிள் என்பது ஓர் உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி. உறை விரிசல் விட்ட இடத்தில் மழைநீரும் சேறும் இறங்கும், கம்பி துருவேறி உறையோடு ஒட்டிக்கொள்ளும். பலமாக இழுத்தால் ஒட்டு விட்டுக் கம்பி நகர்ந்து பிரேக் பிடிக்கும். ஆனால் லீவரை இறக்கும்போது கம்பியைத் திருப்பி இழுக்க வேண்டியது டிரம்முக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங். மனிதக் கையின் பலம் அதற்கு ஏது? லீவர் கீழே வந்துவிடும், பிரேக் விடாது. ஓட்டுநர் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டு போனால் டிரம் கொதிக்கும், லைனிங் கருகும், கிரீஸ் உருகி வழியும்.

ஆகவே பயம் சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தொடாமல் விட்டால், அவசரத்தில் வேறு வழியின்றி இழுக்கிற அன்று அது ஒட்டிக்கொள்ளும், அல்லது பிடிக்காமலே போகும். அதை ஓட்டுநர் தேர்ந்தெடுத்த நாளில், தேர்ந்தெடுத்த இடத்தில் செய்து பார்ப்பதுதான் சோதனை. சரக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாத நாளாக இருக்கட்டும். ஒர்க்‌ஷாப் வாசலிலோ அதற்குப் பக்கத்திலோ சமதளம் இருக்கட்டும்.

முதல் வேலை லீவரைத் தொடுவதே அல்ல, வண்டிக்கு அடியில் பார்ப்பது. முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்துவிட்டு, கேபிள் எங்கே வளைகிறது, எங்கே உறை கிழிந்திருக்கிறது, இரண்டு பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடுக்கட்டை அசைகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பியின் இழைகள் அறுந்து சிலிர்த்திருந்தால் சோதனை அங்கேயே முடிந்தது, கேபிளை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு. டிரம்மின் பின்தட்டில் ஈரக்கசிவு தெரிந்தால் அது பிரேக் எண்ணெயா, ஆக்ஸில் சீலைத் தாண்டி வந்த கியர் எண்ணெயா என்று முகர்ந்து பார்த்தே பல மெக்கானிக்குகள் சொல்லிவிடுவார்கள். எதுவாக இருந்தாலும் எண்ணெய் குடித்த லைனிங் பிடிக்காது.

அடுத்து பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, லீவரை ஒவ்வொரு பல்லாக ஏற்றிக்கொண்டே சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். 'டிக், டிக்' என்று கேட்கும் சத்தத்தை எண்ண வேண்டும். எத்தனையாவது பல்லில் பிடிக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். லீவர் கூரையைப் பார்த்து நிற்கும் அளவுக்கு வந்தும் சக்கரம் சுழன்றால் ஷூ தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் கேபிள் நீண்டிருக்கிறது. இடது சக்கரம் பிடித்து வலது சுற்றினால் ஒரு பக்கக் கேபிள் செத்துவிட்டது. இந்தக் கட்டத்தில் ஒரு விஷயத்தைப் பலர் பார்ப்பதில்லை: லீவரை இறக்கிய பிறகு இரண்டு சக்கரமும் மறுபடி தாராளமாகச் சுற்றுகிறதா? பிடிப்பதைப் போலவே விடுவதும் பிரேக்கின் வேலை. மெக்கானிக் பயந்த அந்த ஒட்டிக்கொள்ளும் கோளாறு இருந்தால் இங்கேயே, வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே, யாருக்கும் ஆபத்தில்லாமல் தெரிந்துவிடும்.

பழைய ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர் பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் ஒரே டிரம்மாக இருக்கும். அப்படிப்பட்ட வண்டியின் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், டிஃபரென்ஷியல் வழியே அந்தச் சக்கரம் ஒரு பக்கமும் தரையில் உள்ளது மறுபக்கமும் சுழலும். பிரேக் இழுத்திருந்தும் வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு விழும். பஞ்சர் ஒட்டப் போனவர்கள் இதனால் அடிபடுவதுண்டு.

தரைக்கு இறக்கிய பின் வெற்று மைதானத்தில், மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டு, லீவரின் நுனிப் பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். பொத்தான் அழுத்தியிருந்தால் பல்லில் மாட்டாது, எந்த நொடியிலும் விட்டுவிடலாம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா, நேராக நிற்கிறதா என்பது இதில் தெரியும். வேகமாகப் போய் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது சினிமாவுக்குச் சரி.

கடைசியாகச் சரிவு. இங்கேதான் பெரும்பாலான சோதனைகள் போலியாகின்றன, இதற்கு உலகம் அறிந்த ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 2013 ஜூலை 5 இரவு கனடாவின் க்யூபெக் மாகாணத்தில், 5 என்ஜின்களும் கச்சா எண்ணெய் நிரம்பிய 72 டேங்கர்களும் கொண்ட ரயில் ஒன்றை நான்ட் என்ற ஊருக்கருகே, 1.2 சதவீதச் சரிவில் ஓட்டுநர் நிறுத்தினார். 7 கை பிரேக்குகளைச் சுற்றி இறுக்கினார். பிடிக்கிறதா என்று சோதித்தும் பார்த்தார், ரயில் அசையவில்லை. ஆனால் சோதித்தபோது என்ஜின்களின் காற்று பிரேக் போட்டபடியே இருந்தது. ரயிலைப் பிடித்திருந்தது எது என்பதை அந்தச் சோதனை சொல்லவே இல்லை. பின்னர் ஒரு என்ஜினில் தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் வந்து அந்த என்ஜினை அணைத்தார்கள், காற்றழுத்தம் மெல்லக் கசிந்தது. நள்ளிரவுக்குப் பின் ரயில் தானாகக் கிளம்பியது. சுமார் 11 கிலோமீட்டர் இறங்கி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் லாக்-மெகான்டிக் ஊரின் நடுவே கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். அந்த ரயிலைப் பிடித்துவைக்கக் குறைந்தது 17 கை பிரேக்குகளாவது வேண்டியிருந்தன என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு கணக்கிட்டது.

ரயில் எங்கே, பிக்அப் எங்கே என்று கேட்கலாம். பிழை ஒன்றேதான். நம் ஊரில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வண்டி முதல் கியரிலேயே இருக்க, "பாருங்க, நிக்குது" என்று சொல்வதும் அதே பிழை. நிற்க வைத்திருப்பது கியராக இருக்கலாம். ஆகவே சரிவில் காலால் பிரேக்கை மிதித்தபடி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிறகு காலை அங்குலம் அங்குலமாகத் தளர்த்த வேண்டும். கால் பெடலுக்கு மேலேயே காத்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஆள், வண்டி, சுவர் எதுவும் இருக்கக் கூடாது. கல் வைக்க கிளீனரை நிறுத்துவது இந்தச் சோதனையின் நோக்கத்தையே கெடுக்கும்.

இதை இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். மேட்டைப் பார்த்து நிற்கும்போது எடை பின் சக்கரங்களின் மேல் சாய்கிறது, அவற்றின் பிடி கூடுகிறது. பள்ளத்தைப் பார்த்து நின்றால் எடை முன்னே போய்விடும். ஏற்கெனவே காலியான பிக்அப்பின் பின்பக்கம் லேசு. அப்போது டிரம் இறுகப் பிடித்திருந்தாலும் ஈரத் தரையில், ஜல்லியில், பின் டயர்கள் சுற்றாமலேயே சறுக்கக்கூடும். சுமையேற்றிய வண்டியின் பிரச்சினை வேறு, அங்கே டயர் பிடிக்கும், டிரம்முக்குத்தான் பலம் போதாது. காலி வண்டியில் ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்தியடைவது பாதித் தேர்வு எழுதுவது. டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கையும் நம்ப வேண்டாம். லீவர் தூக்கியிருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

தோற்ற வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் நடக்கும் வழக்கமான வைத்தியம் கேபிள் நட்டை நான்கு சுற்று இறுக்குவது. லீவர் உடனே கெட்டியாகும், வாடிக்கையாளர் மகிழ்வார். தவறான வைத்தியம் இது. டிரம்முக்குள் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியை ஸ்டார் வீல் என்ற பல்சக்கரம் வழியாக முதலில் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகும் தொய்வு இருந்தால்தான் கேபிள். நேரே கேபிளை இறுக்கினால் ஷூ எப்போதும் உரசிக்கொண்டே ஓடும், தேயும், அதோடு தானாகச் சரிசெய்துகொள்ளும் பொறியும் முடங்கும். டிரம்மைக் கழற்றும்போது காற்றடித்துத் தூசியை ஊதுவதும் நம் ஒர்க்‌ஷாப்புகளின் கெட்ட பழக்கம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

சில வண்டிகளில் அந்தத் தானியங்கிப் பொறி ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போதுதான் வேலை செய்கிறது. லீவரைத் தொடாத ஓட்டுநரின் வண்டியில் ஷூ தேயத் தேய இடைவெளி அப்படியே நிற்கும், கால் பெடல் நாளுக்கு நாள் ஆழமாக இறங்கும். "பெடல் உள்ளே போகுது" என்று புகார் சொல்பவருக்குக் காரணம் தன் இடது கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது என்று தோன்றுவதில்லை.

இன்னும் பெரிய விஷயம், கால் பிரேக் முற்றாகப் போகும் நாள். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பெடலை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதிக்கலாம். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரமேறியபின் தரவரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி, பெடல் பஞ்சு. அந்நேரம் எண்ணெயை நம்பாமல், கம்பியை மட்டும் நம்பி இயங்குகிற ஒரே பிரேக் அந்த லீவர். பாரமேற்றிய வண்டியை ஓட்டத்தில் நிறுத்திவிடும் என்று உத்தரவாதம் கிடையாது, பின் டிரம்களும் அப்போது சூடாகத்தான் இருக்கும். ஆனால் கீழ் கியரோடு சேர்ந்தால் மலைச்சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தும் வாய்ப்பைத் தரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 126: ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்வதானால், என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, அல்லது வேறு ஏற்பாடு செய்து, அது தற்செயலாக நகராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 'வேறு ஏற்பாடு' என்ற இடுக்கில்தான் நம் கருங்கல் நுழைந்துவிட்டது.

சரக்கு வண்டிகளுக்கு 8 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். எஃப்.சி.க்குப் போகுமுன் பெயின்ட் அடிப்பதிலும் ரிஃப்ளெக்டர் ஒட்டுவதிலும் காட்டும் அக்கறையில் நாலில் ஒரு பங்கு லீவருக்குப் போனால் போதும். பிரிட்டனின் எம்.ஓ.டி. வாகனத் தகுதிச் சோதனையில் பார்க்கிங் பிரேக்குக்கென்று தனி எண் உண்டு. கால் பிரேக் இரட்டைக் குழாய் அமைப்பாக இருந்தால் வண்டி எடையில் 16 சதவீத விசை, ஒற்றைக் குழாயாக இருந்தால் 25 சதவீதம். எட்டாவிட்டால் வண்டி தேறாது. நம் நாட்டிலும் 2021இல் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகள் வந்துவிட்டன. அங்குள்ள பிரேக் சோதனை உருளைகளின் மேல் வண்டியை ஏற்றினால் இடது, வலது சக்கரங்களின் பிடி தனித்தனியே எண்ணாகத் தெரியும். அந்த எண்ணை உரிமையாளருக்குப் புரியும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். உருளை வசதி இல்லாத இடங்களில் பிரேக் இன்ஸ்பெக்டர், அலுவலக வளாகத்தில் ஒரு கான்கிரீட் சரிவைக் கட்டி, நியூட்ரலில் நிறுத்தச் சொல்லிப் பார்க்கலாம். அதற்குச் செலவு சில மூட்டை சிமென்ட்.

எல்லாவற்றையும் அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2005இல் வந்த டாடா ஏஸ், மக்கள் வாயில் 'குட்டி யானை', இன்று கைமாறிக் கைமாறி மூன்றாவது, நான்காவது உரிமையாளரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர் என்ஜின் சத்தம் கேட்கிறார், டயரை உதைக்கிறார், புகையின் நிறம் பார்க்கிறார், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறார். அதோடு சேர்த்து வண்டியை அருகிலுள்ள பாலத்தின் ஏற்றத்துக்கு ஓட்டச் சொல்லி, நியூட்ரலில் லீவரை மட்டும் இழுத்து நிறுத்தச் சொல்லட்டும். நின்றால் அடுத்த பேச்சுக்குப் போகலாம். உருண்டால் இரண்டு கேபிள், ஒரு செட் ஷூ, டிரம் கழற்றிமாட்டும் கூலி ஆகியவற்றைக் கூட்டி, கேட்ட விலையில் கழித்துக்கொள்ளட்டும்.